மகாராணிக்கு மனோன்மணி அம்மா கொடுத்த சொல்

உரைபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் பெரும்பாலும் நீதிமன்றத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். நீதிபதி முறைத்தால் என்ன செய்வது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூச்சுவிடாமல் பேசினால் எப்படி நிறுத்துவது என்று. அவற்றுக்கெல்லாம் பயிற்சி வகுப்பிலேயே பதில் கிடைத்துவிடும். பகை நிறைந்த அறையில் நமக்கு ஆபத்து குறைவு. அங்கே ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கே துணிவு வராது.

எல்லாரும் நல்லவர்களாக இருக்கும் அறையில்தான் நான் தடுமாறியிருக்கிறேன். தேநீர் வந்துவிட்டது, சிரிப்பு வந்துவிட்டது, காரியம் முடியப்போகிறது. அந்த நேரத்தில் ஒருவர் ஒரு வசனம் சொல்கிறார். அதைப் பெயர்த்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று உங்களுக்குத் தெரிகிறது. அப்படி ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிரித்தானியக் குடியுரிமைக்கு இப்போது போல மண்டபமும் மேயரும் கொடியும் அன்று கிடையாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் தபாலில் ஒரு தாள் வரும். அதில் மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்ற சத்தியம் அச்சிட்டிருக்கும். அதை ஒரு சொலிசிட்டர், அதாவது வழக்கறிஞர், முன்னால் வாசித்துக் கையெழுத்து வைத்து, கொடுத்த கெடுவுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். பெரும்பாலான இடங்களில் வாசிப்பதும் இல்லை. தாளை நீட்டுவார்கள், கையெழுத்து விழும், அடுத்த ஆள் உள்ளே வருவார்.

கிழக்கு லண்டனில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல் அலுவலகம் வைத்திருந்த ஒரு முதிய ஆங்கிலேய சொலிசிட்டர் மட்டும் அப்படிச் செய்ய மாட்டார். விளங்காத வசனத்தைச் சொன்னவருக்கு நான் சாட்சியாக முடியாது என்பார். வயது காரணமாக ஆங்கிலத் தேர்ச்சியில் விலக்குப் பெற்று வருபவர்களுக்கு உரைபெயர்ப்பாளர் இல்லாமல் தாளைத் தொடவே மாட்டார். தமிழர் வந்தால் என்னைக் கூப்பிடுவார்.

அப்படித்தான் மனோன்மணி அம்மா வந்தார். அறுபத்தைந்தைத் தாண்டியவர். பிளேஸ்டோவில் மகன் ரவியுடன் இருந்தார். ரவி ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு தாயைக் கூட்டி வந்திருந்தான். மாடிப்படி ஏறும்போதே எனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டான். டொரொன்டோவில் இருக்கும் அவனுடைய அக்காவுக்கு, கலியாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு முதல் பிள்ளை வரப்போகிறது. அகதிப் பயணப் பத்திரத்தோடு கேட்டபோது கனடா விசா கிடைக்கவில்லை. பிரித்தானியப் பாஸ்போர்ட் என்றால் விசாவே தேவையில்லை. இந்தத் தாள் போக வேண்டும், சான்றிதழ் வர வேண்டும், பிறகு பாஸ்போர்ட்டுக்கு எழுத வேண்டும். அதற்குள் அக்காவுக்கு மாதம் நெருங்கிவிடும்.

"அம்மா பத்தியத்துக்குச் சரக்கெல்லாம் இடிச்சுக் கட்டி வைச்சிட்டா அண்ணை. வீடு முழுக்க மிளகு மணம். தாள் அனுப்பக் கெடு இந்தக் கிழமையோடை முடியுது. ஐஞ்சு நிமிசத்து வேலைதானே?"

"ஓம்" என்றேன். அன்று நான் சொன்னதில் உண்மையில்லாத ஒரே சொல் அதுதான்.

அறையில் சொலிசிட்டர் எழுந்து நின்று வரவேற்றார். அவருடைய செயலாளர் பெண்மணி தேநீர் கொண்டுவந்து வைத்தார். மனோன்மணி அம்மா கரை போட்ட பருத்திச் சேலைக்கு மேல் தடித்த கோட் போட்டிருந்தார். கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சொலிசிட்டர் சத்தியத்தை மெதுவாக வாசித்தார். நான் பெயர்த்தேன். அம்மா கடைசிவரை கேட்டார்.

"இதைச் சத்தியமாய்ச் சொல்லவேணுமோ தம்பி?"

கேள்வியைப் பெயர்த்தேன். ஆம் என்றார் சொலிசிட்டர்.

"அப்ப ஏலாது."

ரவியின் தேநீர்க் கோப்பை தட்டில் சத்தம் போட்டது. "அம்மா!"

"என்னடா அம்மா? எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சத்தியம் பண்ணுறேல்லை. என்னைப் பெத்த அப்புவைக் காணி எல்லைப் பிரச்சினையிலை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னவை. அவர் பண்ணேல்லை. காணித்துண்டையே விட்டிட்டு வந்தவர். தெரியுமோ உனக்கு?"

"தெரியும், நூறு தரம் சொல்லிப்போட்டியள்."

"கள்ளன் எண்டு நினைக்கிற ஆளிட்டைத்தான் சத்தியம் கேக்கிறது. நான் என்ன கள்ளியோ?"

இவ்வளவையும், மகனின் 'நூறு தரம்' உட்பட, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சொலிசிட்டர் நெற்றியைச் சுருக்கினார். கற்பூரமா, உடுப்பு அலமாரியில் பூச்சிக்குப் போடுவதா, அதை எதற்கு அணைக்க வேண்டும் என்று கேட்டார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். சத்தியம் செய்ய மனமில்லாதவர்களுக்கு, கடவுள் பெயரும் சத்தியம் என்ற சொல்லும் இல்லாத உறுதிமொழி ஒன்று சட்டத்தில் இருப்பது எனக்குத் தெரியும். அம்மாவின் காதில் அதைப் போட்டால் காரியம் அப்போதே முடியும். ஆனால் வழி சொல்வது சொலிசிட்டரின் வேலை. என் வேலை, அந்த வழியைச் சொல்லத் தேவையான அளவுக்கு அவருக்கு விளங்கவைப்பது. ஆகவே, இப்போது நான் என் சார்பில் பேசுகிறேன் என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு, கோயிலில் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வதைப் பற்றியும், பொய் சொன்னவரின் குடும்பம் தழைக்காது என்ற நம்பிக்கையைப் பற்றியும் சுருக்கமாக விளக்கினேன். மகள் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது ஒரு தாய் இதற்கு ஏன் அஞ்சுவார் என்பதை நான் விளக்கவில்லை. ரவி சந்திப்புக்குக் கேட்டபோதே அவசரத்தின் காரணத்தைச் சொல்லியிருந்ததால், அதைச் சொலிசிட்டரே புரிந்துகொண்டார்.

உறுதிமொழியைச் சொலிசிட்டர் எடுத்து வாசித்தார். நான் பெயர்த்தேன்.

"இது சொல்லுக் குடுக்கிறது. இது செய்யலாம்" என்றார் அம்மா. ரவி நாற்காலியில் சாய்ந்து மூச்சுவிட்டான். "ஆனால் ஒரு கேள்வி."

ரவி மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வாரிசுகள் எண்டிருக்கு. ஆர் ஆர் எண்டு கேளுங்கோ. அந்தப் பிள்ளையளோ? கட்டினதுகளோடையே ஒழுங்காய் இருக்கத் தெரியாததுகள். அதுகளுக்கு நான் விசுவாசமாய் இருக்கிறதோ?"

உங்களில் பலர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். அதனால் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் லண்டனுக்கு வந்த புதிதில் ஓர் அரச கலியாணம் நடந்தது. எங்கள் தெருவில் வாகனங்களை மறித்து, மேசைகளை வரிசையாகப் போட்டு, வீட்டுக்கு வீடு காகிதக் கொடி கட்டினார்கள். எங்களோடு அதுவரை ஒரு வார்த்தை பேசாத பக்கத்து வீட்டுப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்குக் கேக் வெட்டித் தந்தார். தொண்ணூறுகளில் அதே பெண்மணி வேலிக்கு மேலால் பத்திரிகையை நீட்டி, அரண்மனையில் இன்று யார் யாரை விட்டுப் போனார் என்று சிரிப்பார். மனோர் பார்க் முருகன் கோயிலில் பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும் வரிசையிலும் அதே கதைதான். நம் பெண்கள் அந்த அரண்மனை மருமகள்களுக்காகவும் மாமியாருக்காகவும் கட்சி பிரிந்து வாதாடுவார்கள், ஏதோ பக்கத்துத் தெருச் சம்பந்தம் போல. அவர்கள் இந்த நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது அந்த வரிசையில்தான்.

மனோன்மணி அம்மாவின் கேள்வியைப் பெயர்த்தேன். 'அதுகள்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் சரியான இணை இல்லை. கிட்டத்தட்ட அந்த மரியாதைக் குறைவு வரும்படி ஒன்றைத் தேடிச் சொன்னேன். சொலிசிட்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என்னவோ ஏதோ என்று செயலாளர் கதவைத் திறந்து பார்த்தார். அவருக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் உள்ளேயே நின்றுவிட்டார்.

நீங்கள் ஆட்களுக்கு விசுவாசம் கொடுக்கவில்லை, சட்டப்படி அந்த ஆசனத்தில் யார் இருக்கிறாரோ அவருக்குத்தான் என்று சொலிசிட்டர் விளக்கினார்.

"ஓ, கதிரைக்கோ? கதிரைக்கு விசுவாசமாய் இருந்த ஆக்களை எங்கடை நாட்டிலை நிறையப் பாத்திட்டம்."

மறுபடியும் சிரிப்பு. ரவியும் சிரித்தான். தேநீர் ஆறிவிட்டது என்று செயலாளர் மாற்றிக் கொடுத்தார். சொலிசிட்டர் பேனாவைத் திறந்து கையில் எடுத்தார்.

"கடைசியாய் ஒண்டு" என்றார் அம்மா. "நான் அவவுக்குச் சொல்லுக் குடுக்கிறன். அவ எனக்கு ஏதும் சொல்லுத் தந்தவவோ?"

பலரை இந்த மேசையில் பார்த்த சொலிசிட்டருக்கு அந்தக் கேள்வி புதிது என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அவருக்கு ஒரு நினைவு வந்து முகம் மலர்ந்தது. முடிசூட்டு விழா நடந்தபோது அவர் தொழில் பழகும் இளைஞர். வீட்டில் டெலிவிஷன் இல்லை. தெருவிலேயே ஒரு வீட்டில்தான் இருந்ததாம். அங்கே திரையை இழுத்துவிட்டு, ஆளுக்கு மேல் ஆளாக உட்கார்ந்து பார்த்தார்களாம். அதில் மகாராணி மக்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். எந்த எந்த நாட்டு மக்களை அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியும் ஆளுவேன் என்று உறுதி கொடுத்தாரோ, அந்த நாடுகளின் பெயரைப் பேராயர் தனித்தனியாகச் சொல்லிக் கேட்டார். அதில் சிலோனும் இருந்தது.

"நீங்கள் இன்று கொடுக்கப்போகும் சொல்லுக்கு அவர் எப்போதோ முந்திக்கொண்டுவிட்டார், அம்மா" என்றார். பிறந்தநாள் பரிசு கொடுப்பவரைப் போல அவர் முகம் இருந்தது.

நான் பெயர்த்தேன். ரவி வியப்போடு, "பாத்தியளோ அம்மா!" என்றான்.

அம்மா சிரிக்கவில்லை. மடியில் கிடந்த கோட்டை ஒருமுறை தடவினார்.

"அம்பத்தெட்டிலை, அந்தக் கலவர நேரம், ஆர் எங்கடை இராணி?"

ரவிதான் சொன்னான். "அவதான். ரிப்பப்ளிக் ஆக்கினது எழுபத்திரண்டிலை தானே."

"அப்ப, கொழும்பிலை நாங்கள் இருந்த வீட்டை எரிச்ச நேரம் அவ எங்கை இருந்தவ? என்ரை மனுசன் வேலைக்குப் போன கந்தோரிலை இருந்து திரும்பி வருவாரோ எண்டு தெரியாமல் நான் பக்கத்து வீட்டுக் குசினிக்குள்ளை ஒளிச்சிருந்தனான். பிறகு கட்டின சீலையோடை எங்களைக் கப்பலிலை ஏத்திக் காங்கேசன்துறைக்கு அனுப்பினவை. அந்தச் சொல்லு அப்ப எங்கை போனது? அதைக் கேளுங்கோ, தம்பி."

சொலிசிட்டர் இன்னும் புன்னகையோடு, பேனாவும் கையுமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளரும் இன்னொரு நல்ல நகைச்சுவைக்காகக் காத்திருந்தார்.

ரவி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னான். "அண்ணை, உந்தக் கதையை விடுங்கோ. அம்மா நன்றி சொல்லுறா எண்டு சொல்லுங்கோ. காலிலை விழுறன் அண்ணை. அக்கா தனியக் கிடக்கிறா."

மூன்று சொல் போதும். 'அம்மா நன்றி சொல்கிறார்.' பேனா தாளில் இறங்கும். அம்மாவுக்கும் தெரியவராது. கேள்வி பதிலில்லாமல் போனதாக நினைத்துக்கொள்வார். இதற்கு முன் எத்தனையோ கேள்விகள் அப்படிப் போயிருக்கும். மகளின் பிரசவத்துக்கு ஒரு தாய் போய்ச் சேர்வதற்கு எதிராக நிறுத்த, என்னிடம் என்ன பெரிய கொள்கை இருந்தது? அதைத்தான் அந்தச் சில நொடிகளில் நினைத்தேன்.

என்னைத் திருப்பியது கொள்கை அல்ல. சொலிசிட்டரின் முகம். அந்த மனிதர் ஒரு பரிசு கொடுத்துவிட்டு, அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அறிய ஆவலாக இருந்தார். விளங்காத வசனத்துக்குச் சாட்சி ஆக மாட்டேன் என்று படியேறி வருவோரிடம் எல்லாம் சொன்னவர் அவர். அவருக்கு விளங்காத ஒரு மனுஷிக்கு அவரைச் சாட்சியாக்க எனக்கு என்ன உரிமை? அதோடு, கேள்வி அம்மாவுடையது. அவ்வளவு காலம் சுமந்ததை இறக்கிவைக்க ஒரு மேசை கிடைத்திருக்கிறது.

முதலில் ரவி என்னிடம் சொன்னதைப் பெயர்க்கலாமா என்று யோசித்தேன். விதிப்படி அறையில் சொன்ன எல்லாமே பெயர்க்கப்பட வேண்டும். ஆனால் இது ஒரு மகன் என்னிடம் தனியாகக் கேட்ட உதவி என்பதால் அதை விட்டுவிட்டேன். அவனிடம், "அம்மா கேட்டதை நான் சொல்ல வேணும் தம்பி" என்று மட்டும் சொன்னேன். பிறகு அம்மாவின் வசனங்களை ஒன்றுவிடாமல் சொன்னேன். தன்மையில்தான் சொன்னேன். 'அவர் கேட்கிறார்' என்று ஒதுங்கவில்லை. எங்கள் வீடு எரிந்தபோது, நான் சமையலறைக்குள் ஒளிந்திருந்தபோது, என்று. கப்பலையும் சேலையையும் சேர்த்து.

சொலிசிட்டர் பேனாவை மூடினார்.

அந்தச் சிறிய சத்தத்தில் ரவியின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அவருக்காகப் பதில் சொல்ல என்னால் முடியாது" என்றார் சொலிசிட்டர். "என்னைப் பற்றிச் சொல்கிறேன். அன்றைக்கு அந்த வீட்டில் சிலோன் என்ற பெயர் காதில் விழுந்தபோது, எனக்குத் தேயிலைதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் சொன்னதெல்லாம் நடந்த வருடம் நான் பத்திரிகை வாசிப்பவன். ஒரு பத்தி வந்திருக்கலாம். நினைவில் இல்லை. அந்த வாக்கு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது, அம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். "தெரியாது எண்டோ சொல்லுறார்?"

"ஓம் அம்மா. தெரியாது எண்டு சொல்லுறார். தேத்தண்ணிதான் நினைவு வந்தது எண்டும் சொல்லுறார்."

மனோன்மணி அம்மா தன் முன்னால் இருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். அதை எடுத்து ஒரு வாய் குடித்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"அரசாங்கத்துத் தாளை வைச்சுக்கொண்டு தெரியாது எண்டு சொன்ன ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன். எத்தினை கந்தோர் ஏறியிறங்கினனான். எல்லாருக்கும் எல்லாம் தெரியும்." கோப்பையை வைத்தார். "சரி. அவ தன்ரை சொல்லைக் காப்பாத்தினாவோ இல்லையோ, அது அவவின்ரை பாடு. என்ரை சொல்லு என்ரை. நான் குடுத்தால் காப்பாத்துவன். பேனையைத் திறக்கச் சொல்லுங்கோ."

பெயர்த்தேன். அவர் திறந்தார்.

அம்மா எழுந்து நின்றார். எழத் தேவையில்லை என்றார் சொலிசிட்டர். "இருந்துகொண்டு சொல்லுக் குடுக்கிறதோ?" என்று கேட்டுவிட்டு அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். அதைப் பெயர்த்ததும் சொலிசிட்டரும் எழுந்தார். ரவி எழுந்தான். செயலாளர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார், ஆனாலும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். கீழே கடையில் யாரோ புதுச் சப்பாத்தைப் போட்டுத் தொம் தொம்மென்று நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு துண்டாக ஆங்கிலம் வந்தது, துண்டு துண்டாகத் தமிழில் கொடுத்தேன், அம்மா ஒவ்வொன்றையும் உரத்த குரலில் திருப்பிச் சொன்னார். வாரிசுகள் என்ற இடத்தில் மட்டும் ஒரு பெருமூச்சு விட்டார். அது பெயர்ப்பு இல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது.

முடிந்ததும், "அவவையும் இனியாவது குடுத்த சொல்லிலை கவனமாய் இருக்கச் சொல்லுங்கோ" என்றார். அதையும் சொன்னேன். தாளில் அதற்கு இடமில்லை, ஆனால் சாட்சியாக நான் கேட்டுவிட்டேன் என்றார் சொலிசிட்டர்.

படியிறங்கும்போது ரவி என் தோளில் கையை வைத்து, "உங்களைக் கொல்லலாம் போலை இருந்தது அண்ணை" என்றான். பிறகு, "எங்கடை வீடு எரிஞ்ச கதை எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். அந்தக் காணிக் கதையைத்தான் நூறு தரம் சொன்னவ" என்றான்.

மனோன்மணி அம்மா பேத்தி பிறப்பதற்கு ஒன்பது நாள் முன்னதாக டொரொன்டோ போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்தார். பின்னால் குழந்தை அலறிக்கொண்டிருந்தது.

"தம்பி, பிளேனாலை இறங்கிப் பாஸ்போர்ட் காட்டப் போனன். எனக்கு முன்னம் அவ அங்கை வந்து நிக்கிறா!"

"ஆர் அம்மா?"

"மகாராணிதான். சுவரிலை பெரிய படம். இந்த நாட்டுக்கும் அவதானாமே! நான் சொன்னன், 'அம்மா தாயே, நான் குடுத்த சொல்லுக் குடுத்ததுதான், பின்னாலை திரிய வேண்டாம். தள்ளி நில்லுங்கோ, பேத்தி பிறக்கப்போறாள்' எண்டு. அந்த ஒபிசர் பெடியன் பயந்துபோனான். இதை அந்த ஐயாவிட்டைச் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல் சொல்ல வேணும்."

அந்த வாரமே சப்பாத்துக் கடைக்கு மேல் ஏறிப் போய்ச் சொன்னேன். சொலிசிட்டர் பேனாவை வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார். பிறகு மிகவும் சிரத்தையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தள்ளி நிற்கச் சொன்னது, பணிவாகத்தானே?"

சொல்லை மட்டுமல்ல, சொன்ன தொனியையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் கடமை.

"இல்லை" என்றேன்.